கிங்காங் - தாராசிங் முதல் கேபிள் டி.வி. குஸ்தி வரை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன தலைப்பில் பேசறீங்க?" என்று செயலாளர் போனில் கேட்டார். "குஸ்தி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தொழில் முன்னேற்றம், ஏற்றுமதி வாய்ப்பு அப்படி ஏதாவது வைச்சுக்கலாமுங்களே" என்றார். "அதைத்தான் பேசப் போறேன், குஸ்தி வழியா" என்றேன். பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

குஸ்திக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். நம் ஊரில் கை இல்லாத பனியனுக்கு என்ன பெயர்? சாண்டோ. தினமும் ஆயிரக்கணக்கில் தைக்கிறோம், பெட்டி போடுகிறோம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? யூஜின் சாண்டோ என்று ஒரு ஜெர்மானிய பயில்வான் இருந்தார். 1867-ல் பிறந்து 1925-ல் மறைந்தவர். மேடையில் எடை தூக்கிக் காட்டி, உடற்கட்டைக் காட்டி, டிக்கெட் போட்டுப் பணம் சம்பாதித்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து போனார். அதற்குப் பிறகு நம் நாட்டில் உடற்பயிற்சி செய்பவர் எல்லாம் 'சாண்டோ' ஆனார்கள். நம் கோயமுத்தூரிலிருந்து போய் தேவர் பிலிம்ஸ் நடத்திய சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் நிற்கும் சாண்டோவும் அதுதான். ஆக, கோதாவில் நின்ற ஒரு மனிதரின் பெயரை வைத்துத்தான் நம் ஊரில் பல வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த நன்றிக்காவது அரைமணி நேரம் குஸ்தியைப் பற்றிப் பேசலாம் இல்லையா?

மல்யுத்தம் நமக்குப் புதிது அல்ல. புறநானூற்றில் 80-ஆம் பாடலைத் தமிழ்த்துறை மாணவர்கள் எடுத்துப் பாருங்கள். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்று பட்டப்பெயர். மாமல்லபுரம் என்ற ஊர்ப் பெயரே அதில் வந்தது. அரசன்கூட மல்லன் என்று சொல்லிக்கொள்வதைப் பெருமையாக நினைத்த நாடு இது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குஸ்தி என்றதும் என் வயதுக்காரர்களும் தம்பிகளும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "அது நிஜமா, பொய்யா?" இந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை தேடினால் கடைசியில் அது நம் தொழிற்சாலைக்குள் வந்து நிற்கும். அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் நிஜக் குஸ்தி. காமா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1910 செப்டம்பர் 10-ம் தேதி லண்டனில் காமாவுக்கும் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவுக்கும் போட்டி. காமா ஆரம்பத்திலேயே அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஸ்பிஸ்கோ என்ன செய்தார்? தரையோடு தரையாகக் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே போய், முடிவு இல்லாமல் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை, பெல்ட் காமாவுக்குப் போனது. பதினெட்டு வருடம் கழித்து 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காமா ஜெயித்துவிட்டார்.

இப்போது டிக்கெட் விற்கிறவர் இடத்தில் இருந்து யோசியுங்கள். முதல் போட்டி இரண்டரை மணி நேரம், பார்க்கிறவன் தூங்கிவிடுவான். இரண்டாவது போட்டி ஒரு நிமிடத்துக்குள், கடலை வாங்கப் போனவன் திரும்பி வருவதற்குள் முடிந்தது. இரண்டிலும் காசு கொடுத்தவனுக்குத் திருப்தி இல்லை. நிஜப் போட்டி பார்க்கிறவனுக்காக நடப்பது இல்லை, அதுதான் சிக்கல். ஆகவே காசு கொடுத்துப் பார்க்கும் குஸ்தி தனி வழியில் போனது. எத்தனை நிமிடம், யார் முதலில் அடி வாங்குவது, யார் கடைசியில் ஜெயிப்பது என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் தொழில்முறைக் குஸ்தி அப்படி வளர்ந்தது.

நம் நாட்டில் அதன் பொற்காலம் என்றால் கிங்காங் - தாராசிங் காலம்தான். கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா. 1909-ல் பிறந்த ஹங்கேரிக்காரர். ஏறத்தாழ 200 கிலோ எடை. தாராசிங் 1928-ல் அமிர்தசரஸ் பக்கத்துத் தர்முசக் கிராமத்தில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், 130 கிலோவுக்குப் பக்கத்தில் எடை. நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் சிங்கப்பூர் போய், அங்கே குஸ்தி பழகி, மலேயாவில் பெயர் எடுத்துவிட்டு ஊர் திரும்பினார். 1954-ல் ருஸ்தமே ஹிந்த் பட்டம். 1959-ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். 1968 மே 29-ம் தேதி பம்பாயில் அமெரிக்காவின் பெரும் வீரர் லூ தெஸ்ஸை வென்றார்.

ஆனால் இந்தப் பட்டங்களையெல்லாம் விட ஜனங்கள் மனதில் நின்றது கிங்காங்கோடு மோதியதுதான். சென்னை உட்பட நாட்டின் பல ஊர்களில் இந்த இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி மோதினார்கள். அந்த மலை போன்ற மனிதரைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார் என்பதை நம் பெரியவர்கள் நேரில் பார்த்தது போலவே சொல்வார்கள். பார்த்தவர் பத்துப் பேர் என்றால் சொன்னவர் பத்தாயிரம் பேர்! இன்றைக்கும் ஒரு பையன் முண்டிக்கொண்டு வந்தால், "பெரிய தாராசிங்னு நினைப்பா உனக்கு?" என்கிறோம். சினிமாவும் விடவில்லை. 1962-ல் 'கிங்காங்' என்ற பெயரிலேயே ஒரு இந்திப் படம் வந்தது, கதாநாயகன் தாராசிங்!

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 200 கிலோ மனிதரை ஒருவர் தூக்க வேண்டும் என்றால் தூக்குகிறவர் பலம் மட்டும் போதாது. தூக்கப்படுகிறவர் உடம்பை விறைக்க வேண்டிய நேரத்தில் விறைத்து, தளர்த்த வேண்டிய நேரத்தில் தளர்த்தி, சரியாகக் கைகொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒருவருக்கு முதுகு போகும், இன்னொருவருக்குக் கழுத்து போகும். எதிரி என்று விளம்பரத் தட்டியில் போட்டிருக்கிறதே, அந்த எதிரிதான் கோதாவுக்குள் அவருடைய உயிருக்குப் பொறுப்பு. கிங்காங் இல்லாவிட்டால் தாராசிங் யாரைத் தூக்கியிருப்பார்? தாராசிங் இல்லாவிட்டால் கிங்காங்கை யார் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பார்கள்?

அடுத்தது தம்பிகளுக்கும், தொண்ணூறுகளில் படித்த நம்மவர்களுக்கும் பிடித்த பகுதி. கேபிள் டி.வி. வந்தது, டபிள்யு.டபிள்யு.எஃப். வந்தது. சாயங்காலம் ஆனால் தெருவில் பையன்களைக் காணோம். சீட்டுக்கட்டு மாதிரி கார்டுகள் விற்றன. உயரம், எடை, மார்பு அளவு, பைசெப்ஸ் எல்லாம் அதில் இருக்கும். கணக்குப் பாடத்தில் ஃபெயிலான பையன்கூட அண்டர்டேக்கரின் எடையைக் கேட்டால் தூக்கத்தில் சொல்வான். (சிரிப்பு)

நாம் அதைக் கேபிள் காசுக்குள்ளேயே பார்த்துவிட்டோம். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அந்தக் காலத்தில் வாராவாரம் டி.வி.யில் வந்தது முன்னோட்டம் மாதிரி. இவன் அவனை முறைப்பான், அவன் இவன் பெல்ட்டைப் பிடுங்குவான், சவால் விடுவான். தீர்ப்பு மட்டும் அங்கே கிடைக்காது. தீர்ப்பு வேண்டுமென்றால் குறிப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நடக்கும் பெரிய போட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்டினால்தான் அந்த வீட்டு டி.வி.யில் அன்றைக்கு அது தெரிந்தது. 'பே பெர் வியூ' என்பது இதுதான். 1985-ல் நியூயார்க்கில் ரெஸில்மேனியா ஆரம்பித்தது. பிறகு சர்வைவர் சீரிஸ், ராயல் ரம்பிள், சம்மர்ஸ்லாம் என்று வருடத்தில் நான்கு பெரிய திருவிழா ஆயிற்று. பகையை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, விளைந்ததும் விற்கும் வியாபாரம்.

1987-ல் மூன்றாவது ரெஸில்மேனியா. ஹல்க் ஹோகன், ஆண்ட்ரே தி ஜயண்ட். ஆண்ட்ரேயின் எடை 500 பவுண்டுக்கு மேல் என்று விளம்பரம். ஹோகன் அவரை அலேக்காகத் தூக்கிக் கீழே போட்டதை உலகம் பார்த்தது. பார்க்காதது என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் ஆண்ட்ரேவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கடுமையான வலியோடுதான் அன்றைக்குக் கோதாவில் ஏறினார். தான் தோற்க வேண்டிய ஆட்டத்தில், தன்னைத் தூக்க அவர் உடம்பைக் கொடுத்தார். தாராசிங் - கிங்காங் கணக்குதான் இங்கேயும்.

அந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும்? 1997 நவம்பர் 9, கனடாவின் மான்ட்ரியல், சர்வைவர் சீரிஸ். சாம்பியன் பிரட் ஹார்ட்டுக்கும் ஷான் மைக்கேல்ஸுக்கும் போட்டி. பிரட் வேறு கம்பெனிக்குப் போகப் போகிறார். சொந்த நாட்டில் பெல்ட்டை இழக்க அவருக்கு மனம் இல்லை, அன்றைக்கு இழக்க வேண்டியது இல்லை என்று பேசி முடித்திருந்தார்கள். ஆனால் மைக்கேல்ஸ் பிடி போட்ட உடனே, பிரட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மணி அடிக்கச் சொல்லிவிட்டார் முதலாளி வின்ஸ் மக்மேன். பிடி போடச் சொல்லித் தன் காலைக் கொடுத்தவரை, அந்தப் பிடியிலேயே ஏமாற்றினார்கள். முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம், அந்த அவமானம் பேசி வைத்தது அல்ல. பிரட்டும் மைக்கேல்ஸும் மேடையில் கைகுலுக்க 2010 ஆயிற்று.

இனி நான் சொல்ல வந்த இடம். சிரித்துக்கொண்டிருந்த தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1989-ல் நியூஜெர்சி மாநில சட்டமன்ற மேலவையில் டபிள்யு.டபிள்யு.எஃப். தரப்பே ஒப்புக்கொண்டது: எங்களுடையது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று. ஏன் ஒப்புக்கொண்டார்கள்? விளையாட்டு என்றால் அரசாங்கக் கமிஷன் மேற்பார்வை உண்டு, வரி உண்டு. பொழுதுபோக்கு என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சரி, முடிவு பேசி வைத்தது என்று ஆகிவிட்டது. அடியும் பொய் ஆகிவிடுமா? 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். மிக் ஃபோலி பதினாறு அடி உயரக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கரால் தள்ளப்பட்டுக் கீழே மேஜை மேல் விழுந்தார். திரும்ப ஏறினார், கூரை பிய்ந்து மறுபடி விழுந்தார், பல் உடைந்தது. யார் ஜெயிப்பார் என்பது எழுதி வைத்த விஷயம். புவியீர்ப்பு விசை எழுதி வைத்ததற்குக் கட்டுப்படாது. இயற்பியல் துறை நண்பர்கள் சாட்சி.

அடுத்த வருடம் 1999 மே 23, கான்சாஸ் சிட்டி. 'ஓவர் தி எட்ஜ்' என்ற பே பெர் வியூ. பிரட் ஹார்ட்டின் தம்பி ஓவன் ஹார்ட் அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குவது போல ஒரு வேடிக்கைக் காட்சி. மேலே இருந்தபோதே கொக்கி விடுபட்டது. எழுபதடிக்கும் மேலான உயரத்திலிருந்து கோதாவுக்குள் விழுந்து இறந்தார். வயது 34. மனைவி, இரண்டு சிறு குழந்தைகள்.

அன்று இரவு கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கொஞ்ச நேர இடைவெளிக்குப் பிறகு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். அவர் விழுந்த அதே கோதாவில், மற்ற வீரர்கள் ஏறி மிச்சப் போட்டிகளை ஆடினார்கள். டி.வி. பார்த்தவர்களுக்குச் சாவுச் செய்தி சொல்லப்பட்டது. அரங்கத்தில் இருந்த ஜனங்களுக்குச் சொல்லவில்லை. டிக்கெட் விற்றாகிவிட்டது, வீடு வீடாகப் பணம் கட்டியாகிவிட்டது, எப்படி நிறுத்துவது? குடும்பம் வழக்குப் போட்டது. 2000-ல் 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனி சொல்கிற ஊரில், சொல்கிற உடுப்பில், சொல்கிற ஆளோடு மோதும் இந்த வீரர்கள் சட்டப்படி அதன் ஊழியர்கள் அல்ல. 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்' என்று கையெழுத்து வாங்கப்பட்டவர்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நான் ஒரு சின்ன தையல் யூனிட் நடத்துகிறவன். காண்ட்ராக்ட் என்றால் என்ன, பீஸ் ரேட் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியது இல்லை. "அந்த ஆள் நம்ம ரோல்ல இல்லீங்க, காண்ட்ராக்டர் ஆளுங்க" என்ற வாக்கியத்தை நம் ஊரில் கேட்காதவர் உண்டா? ஷிப்மெண்ட் தேதி என்பது நமக்குப் பே பெர் வியூ ஞாயிற்றுக்கிழமை மாதிரி. லாரி ராத்திரி கிளம்பித் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், விமானத்தில் அனுப்பினால் லாபம் போகும், சில சமயம் முதலும் போகும். அந்த நெருக்கடி நிஜம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் அதில்தான் வாழ்கிறோம்.

அந்த மாதிரி ஒரு ராத்திரி, ஒன்றரை ஷிப்ட் முடிந்தும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓவர்லாக் மெஷினில் ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறுகிறது. அல்லது கட்டிங் டேபிளில், இரும்பு வலைக் கையுறையை "வேகம் வரலை" என்று கழற்றி வைத்த பையனின் கை கிழிகிறது. வேஸ்ட் துணியைச் சுற்றி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அதே மெஷினில் அடுத்த ஆளை உட்கார வைப்பது நம் தொழிலில் நடக்காத விஷயம் அல்ல. ஓவன் விழுந்த கோதாவில் அடுத்த போட்டி நடந்ததற்கும் இதற்கும் என்னங்க வித்தியாசம்? அளவில்தான் வித்தியாசம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யாருக்கு அடிபட்டாலும் அந்த வரிசை முழுக்க நிற்கும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மெஷினைப் பார்த்து, ஏன் நடந்தது என்று தெரிந்த பிறகுதான் மோட்டார் ஓடும். அரைமணி நேரம் போகும், சில நாள் ஒருமணி நேரம் போகும். இதனால் ஒரு தடவை ஒரு ஆர்டரில் எங்களுக்கு நஷ்டம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் டைலர்கள் பொங்கல் வரைக்கும் திரும்பாமல் அல்லாடும் ஊரில், எங்கள் ஆட்கள் சொன்ன தேதிக்குத் திரும்பி வருகிறார்கள். கணக்குப் போட்டால் நான் நஷ்டக்காரன் அல்ல. காண்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா என்று நானே பார்த்துவிடுவேன். நம் கூரைக்குக் கீழே அடிபட்டவர் நம்ம ஆள்தான்.

இதே கணக்கு போட்டியாளர்களுக்கும் பொருந்தும். ஒரே பையருக்கு நாமும் கோட் பண்ணுகிறோம், பக்கத்து வீதிக்காரரும் கோட் பண்ணுகிறார். ஜெயிக்கத்தான் வேண்டும், அதில் வெட்கம் இல்லை. ஆனால் அவர் விலையை உடைப்பதற்காகவே அடக்க விலைக்குக் கீழே இறங்கினால், அடுத்த சீசனில் பையர் இரண்டு பேரையும் அந்த விலையிலேயே நிறுத்துவான். இறங்கிய விலையை யார் தலையில் கட்டுவோம்? ஷிப்ட் கூலியில்தான். நூல் பற்றாமல் போனால் கைமாற்று கொடுப்பவரும், மெஷின் ரிப்பேரானால் ஜாப் ஒர்க் முடித்துக் கொடுப்பவரும் அதே பக்கத்து வீதிக்காரர்தான். கிங்காங்கைக் கழுத்து முறியப் போட்டிருந்தால் தாராசிங்குக்கு அடுத்த ஊரில் ஆட்டம் ஏது?

கடைசியாக அந்த வீரர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லி முடிக்கிறேன். கிங்காங் 1970-ல் சிங்கப்பூரில், கார் விபத்துக்குப் பின் இறந்தார். தாராசிங் 1983-ல் கோதாவை விட்டு இறங்கினார். பிறகு தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாக வந்தார். 2003 முதல் 2009 வரை ராஜ்யசபா உறுப்பினர். 2012-ல் மும்பையில் காலமானார். 2018-ல் அமெரிக்கக் குஸ்திக் கம்பெனியின் கௌரவப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. அந்தக் கம்பெனி 2002-லேயே தன் பெயரை டபிள்யு.டபிள்யு.ஈ. என்று மாற்றிக்கொண்டது. 2007-ல் இமாச்சலப் பிரதேசத்து தி கிரேட் காளி அங்கே உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார். 2017-ல் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த கனடாக்காரர் ஜிண்டர் மஹால் அவர்களுடைய சாம்பியன் ஆனார். பெல்ட் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

தம்பி தங்கைகளே, நிஜமா பொய்யா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். யார் ஜெயிப்பது என்பது பேச்சு. விழுகிற உடம்பு நிஜம். நீங்கள் நாளைக்கு மெர்ச்சண்டைசராக, சூப்பர்வைசராக, முதலாளியாக, ஆடிட்டராக இந்த ஊரிலேயே ஏதோ ஒரு கம்பெனிக்குள் நுழைவீர்கள். "ஷிப்மெண்ட் இருக்கு, ஓட்டுங்க" என்று ஒரு ராத்திரி யாராவது உங்களிடம் சொல்வார்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்களாக இருந்தால், முதலில் விழுந்தவரைப் பாருங்கள். லாரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.